காப்பாற்றப்பட்டவர்களும் கதைக்குள் வரட்டும்: டிசி ஸ்டுடியோஸுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஜேம்ஸ் கன், பீட்டர் சஃப்ரான் இருவருக்கும்,

வணக்கம். 2025 ஜூலை 11ஆம் தேதி வெளியான கன் எழுதி இயக்க, நீங்கள் இருவரும் தயாரித்த ‘சூப்பர்மேன்’ படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை மதுரையில், தமிழ் டப்பிங்கில், ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனோடு. இரண்டாவது முறை தனியாக, ஆங்கிலத்தில். மூன்றாவது முறை வீட்டில், வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்தி. பிடிக்காத படத்துக்கு யாரும் இவ்வளவு நேரம் கொடுக்க மாட்டார்கள். அதனால் இதில் நான் சொல்லப்போகும் குறைகளையும் அந்தப் பிரியத்தோடு சேர்த்தே படியுங்கள்.

முதல் நாள் தியேட்டரிலிருந்து வெளியே வந்தபோது பையன் வாய் ஓயாமல் சூப்பர்மேனின் நாய் க்ரிப்டோவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். வண்டி ஸ்டாண்டில் டோக்கனைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டான்: “சித்தி, அந்தக் கடைக்கார அங்கிளைச் சுட்டுட்டாங்கல்ல, அவங்க வீட்டுல யார் போய்ச் சொல்லியிருப்பாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. படத்திலும் பதில் இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், அது நிறைய இருக்கிறது.

நீங்கள் கதையைத் தொடங்கிய இடம் ரொம்பவும் சரி. கிரகம் வெடிப்பது, குழந்தையைக் கலத்தில் வைத்து அனுப்புவது, சோளக்காட்டில் வந்து விழுவது எல்லாம் 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அவனை உருவாக்கிய காலத்திலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. 1978-இல் கிறிஸ்டோஃபர் ரீவ் நடித்த படமும் அங்கேதான் தொடங்கியது, 2013-இல் ஹென்றி கேவில் நடித்த படமும் அங்கேதான் தொடங்கியது. நீங்களோ 300 ஆண்டு, 30 ஆண்டு, 3 ஆண்டு என்று சில வரிகளை ஓடவிட்டு, மூன்று நிமிடத்துக்கு முன்னால் அவன் முதல் முறையாகத் தோற்றான் என்று முடித்தீர்கள். அடுத்த நொடி பனியில் வந்து விழுகிறான். வாயில் ரத்தம். எழுந்திருக்க முடியவில்லை. விசில் அடித்து நாயைக் கூப்பிடுகிறான். பெரிய ஹீரோவுக்கு இப்படி ஓர் அறிமுகக் காட்சி வைக்க ரொம்பத் துணிச்சல் வேண்டும். அறிமுகம் என்றால் விசிலும் கைத்தட்டலுமாக இருக்க வேண்டும் என்று பழகிய எங்கள் தியேட்டரே அந்த இடத்தில் அமைதியாகிவிட்டது.

அப்புறம் அந்தச் சிவப்பு ஜட்டி. பேண்ட்டுக்கு மேல் ஜட்டி போட்டவன் என்று உலகம் முழுக்கச் சிரித்த உடையை முந்தைய படம் தூக்கிப் போட்டுவிட்டது. நீங்களும் தயங்கியதாகவும், நாயகனாக நடித்த டேவிட் கோரன்ஸ்வெட்தான் உங்களை மனம் மாற்றியதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணிலிருந்து நெருப்பைக் கக்கக்கூடிய ஒருவன், குழந்தைகள் தன்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தால் இப்படித்தானே உடுத்துவான் என்று அவர் கேட்டாராம். ஒரு நடிகர் தன் பாத்திரத்தை இதைவிடச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது. படம் முழுக்க அவர் அந்தப் புரிதலோடுதான் நடமாடுகிறார். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு எதிரே நிற்பவரிடம் கொஞ்சம் குனிந்தே பேசுகிறார்.

அணிலைப் பற்றி எழுதாமல் விட மாட்டேன். ஊரையே மிதித்துக்கொண்டு ஒரு ராட்சத மிருகம் வருகிறது. அதற்கு நடுவில் பறந்து வந்து ஓர் அணிலைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தில் விடுகிறான் சூப்பர்மேன். முன்னோட்டமாகப் பார்த்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் வைத்தே தீருவேன் என்று வைத்தீர்கள். ரொம்ப நன்றி. எங்கள் ஊரில் அது யாருக்கும் அசட்டுத்தனமாகத் தெரியாது. பற்றிக்கொள்ள ஏதுமின்றி ஆடிய முல்லைக் கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போனவன் பாரி. குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குப் போர்வை போர்த்தியவன் பேகன். மயிலுக்கு எதற்குப் போர்வை என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற அந்த மடமைக்குக் கொடைமடம் என்று பெயர் வைத்து, இரண்டாயிரம் ஆண்டாக அதைப் பாராட்டிப் பாடிக்கொண்டிருக்கும் மொழி இது. கொடுப்பதில் மடமை காட்டுவான், போரில் காட்ட மாட்டான் என்பதுதான் பேகனுக்குக் கிடைத்த புகழ். உங்கள் சூப்பர்மேனுக்கும் அது அப்படியே பொருந்தும். அந்த ராட்சத மிருகத்தைக்கூடக் கொல்லாமல் கொண்டுபோய்விட வழியிருக்கிறதா என்று பார்க்கிறான். மற்றவர்கள் அதைக் கொன்ற பிறகு அவன் முகம் வாடுகிறதே, அந்த வாட்டத்தில்தான் நான் அவனை நம்ப ஆரம்பித்தேன்.

ஆனால் படத்தின் மிகச் சிறந்த பகுதியில் யாரும் பறக்கவே இல்லை. சூப்பர்மேனின் காதலி லோயிஸின் வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த காலை டிபனைச் செய்துகொண்டிருக்கிறான் கிளார்க், ஊருக்குள் சூப்பர்மேனின் பெயர் அதுதான். சூப்பர்மேனாகவே உனக்குப் பேட்டி தருகிறேன் என்கிறான். அவள் ரெக்கார்டரை அமுக்குகிறாள். அந்த நொடியில் மூன்று மாதக் காதலி போய், பத்திரிகையாளர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பொராவியா நாடு பக்கத்து ஜார்ஹன்பூர் மீது படையெடுத்தபோது அவன் போய்த் தடுத்ததைப் பற்றித்தான் கேள்விகள். யாரைக் கேட்டு இன்னொரு நாட்டுக்குள் போனாய்? அரசாங்கத்திடம் பேசினாயா? பின்விளைவை யோசித்தாயா? சிரித்துக்கொண்டே தொடங்கியவன் மெல்ல மெல்லச் சூடாகிறான். மக்கள் சாகப் போகிறார்கள் என்று கத்தும்போது அவன் குரல் உடைகிறது. ஏறக்குறைய பத்து நிமிடம் இரண்டு பேர் ஓர் அறையில் பேசுகிறார்கள். ஒரு கட்டடமும் இடியவில்லை. என் பக்கத்து சீட்டில் படம் தொடங்கியதிலிருந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். லோயிஸாக நடித்த ரேச்சல் பிராஸ்னஹன் ஒரு கேள்வியில்கூட இளகவில்லை. இருவர் சொல்வதும் சரிதான் என்று தோன்றும்படி எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரண வேலை இல்லை.

இன்னொரு விஷயமும் அந்தக் காட்சிக்குப் பின்னால் இருக்கிறது. பொராவியா என்ற நாட்டின் பெயரை நீங்கள் புதிதாக உண்டாக்கவில்லை, 1939-இல் சீகலும் ஷூஸ்டரும் வரைந்த சூப்பர்மேன் காமிக்ஸிலேயே அது வருகிறது. அங்கே நடக்கும் சண்டையை நிறுத்த அவன் அப்போதே போயிருக்கிறான். போரை நிறுத்துவது, ஆயுத வியாபாரியின் சட்டையைப் பிடிப்பது எல்லாம் இவனது பழைய வேலைகள். சூப்பர்மேன் கதையில் அரசியலைத் திணித்துவிட்டார்கள் என்று கோபப்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

சூப்பர்மேனை எடுத்து வளர்த்த கென்ட் தம்பதியையும் சொல்ல வேண்டும். முந்தைய படங்களில் அந்த அப்பா கொஞ்சம் ரிஷி மாதிரி இருப்பார். இங்கே ப்ரூயிட் டெய்லர் வின்ஸும் நீவா ஹவலும் நிஜமான கிராமத்து அப்பா அம்மா. போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், கத்திப் பேசுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு என் அப்பா அம்மா போன் போடுவதும் இப்படித்தான். தளர்ந்துபோன மகனிடம், நீ யார் என்பதை நாங்கள் சொல்ல முடியாது, நீ செய்வதுதான் சொல்லும் என்று அந்த அப்பா தொண்டை அடைக்கப் பேசுகிறாரே, அந்த ஒரு காட்சிக்காகவே டிக்கெட் காசு கொடுக்கலாம்.

சரி, இனி மனத்தாங்கல்.

129 நிமிடப் படத்துக்குள் எத்தனை பேரை ஏற்றிவிட்டீர்கள்! கிரீன் லான்டர்ன், ஹாக்கேர்ள், மிஸ்டர் டெரிஃபிக், மெட்டமார்ஃபோ, அவருடைய குழந்தை, எஞ்சினியர், அல்ட்ராமேன், பொராவியாவின் அதிபர், டெய்லி பிளானட் அலுவலகம் முழுக்க ஆட்கள், ஜிம்மிக்கு ஒரு தனிக் கதை, கடைசியில் சூப்பர்கேர்ள். தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் மாதிரி இருக்கிறது. இதில் எடி கதேகி நடித்த மிஸ்டர் டெரிஃபிக்கைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அவர் வந்தாலே காட்சி நிமிர்கிறது. ஆனால் ஹாக்கேர்ள் யார், அவளுக்கு எதில் வலிக்கும்? மூன்று முறை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. எஞ்சினியர் எதற்காகத் தன் உடம்பையே இப்படி மாற்றிக்கொண்டாள்? ஓரிரு வசனத்தோடு போய்விடுகிறது. அல்ட்ராமேனின் முகமூடியைக் கழற்றிப் பார்த்தால் சூப்பர்மேனின் நகல். கதையில் பெரிய திருப்பமாக வந்திருக்க வேண்டியது, அடுத்த அடி விழுவதற்குள் மறந்துபோகிறது. தன் முகத்தையே எதிரியிடம் பார்த்தவனுக்கு ஒரு நொடி திகைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நகரம் பிளந்துகொண்டு போகும் கடைசி அரை மணி நேரமும் எனக்கு ஒட்டவில்லை. முகத்துக்கு அவ்வளவு அருகில் வைத்த கேமரா, விளிம்பில் வளைந்து தெரியும் முகங்கள், சுற்றிச் சுற்றி வரும் சண்டை. முதலில் அழகாக இருந்தது, பிறகு கண் வலித்தது.

நிக்கோலஸ் ஹோல்ட் நடித்த வில்லன் லெக்ஸ் லூதர் அந்த இரைச்சலிலும் தனியாக நிற்கிறார். சூப்பர்மேனின் ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டு, தான் ஒரு விரலையும் அசைக்காமல் எண்ணும் எழுத்துமாகக் கத்திக் கத்தி அல்ட்ராமேனை விட்டு அவனை அடிக்க வைக்கிறார். பொறாமைதான் தன்னைத் தின்கிறது என்று அவரே ஒப்புக்கொள்ளும்போது நடிப்பாகவே தெரியவில்லை. அந்த லெக்ஸ்தான் கடைக்காரரைச் சுடுகிறார்.

இப்போது என் அக்கா மகனின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடைக்காரரின் பெயர் மாலி. தள்ளுவண்டியில் ஃபலாஃபல் விற்பவர். தெருவில் விழுந்த பள்ளத்தில் அடிபட்டுக் கிடந்த சூப்பர்மேனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர், எப்போதோ ஒருமுறை அவனுக்குக் காசு வாங்காமல் சாப்பாடு கொடுத்தவர். குற்றம் அவ்வளவுதான். அதற்காக அவரைப் பிடித்துவந்து, சூப்பர்மேனின் கண் முன்னாலேயே தலையில் துப்பாக்கியை வைக்கிறான் லெக்ஸ். ஒற்றைத் தோட்டாவைப் போட்டுச் சுழற்றி அழுத்துகிற விளையாட்டு. லெக்ஸ் கேட்பது எதையும் சொல்லிவிடாதே என்கிறார் மாலி. அப்போதும் அவனை நம்புகிறார். தோட்டா வெடிக்கிறது.

தியேட்டரில் பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு கனமான ஒன்றைச் செய்துவிட்டு அதன் பிறகு என்ன செய்தீர்கள்? சிறையிலிருந்து தப்பிக்கும் அவசரம், ஆற்றில் அடித்துச் செல்லப்படும் குழந்தை, நாய், ஒரு பறக்கும் வண்டி, பண்ணை வீடு, மறுபடி நகரம். அணிலுக்காகப் பறந்தவன் மாலிக்காக எங்கே நின்றான்? அவர் வீடு எங்கே, மனைவி மக்கள் உண்டா, தெருமுனையில் நின்ற அந்த வண்டியை யார் தள்ளிக்கொண்டு போனார்கள்? நாயகனைக் கோபப்படுத்துவதற்காக ஓர் ஏழையைச் சாகடித்துவிட்டு அடுத்த ரீலில் மறந்துவிடும் படங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். நாயகனின் தோழனும் தங்கையும் இடைவேளைக்கு முன்னால் சாவது இங்கே பழக்கமான விஷயம். உங்களிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை. அன்பைப் பற்றிப் படம் எடுத்தவர் நீங்கள்.

ஜார்ஹன்பூர் மக்களுக்கும் அதே கதிதான். எல்லை வேலிக்கு இந்தப் பக்கம் கம்பும் கடப்பாரையுமாக நிற்கிறார்கள், அந்தப் பக்கம் டாங்கிகள். ஒரு சின்னப் பையன் சூப்பர்மேன் சின்னம் போட்ட கொடியை நட்டு அவன் பெயரை ஜெபம் மாதிரிச் சொல்கிறான். உடம்பு சிலிர்க்கிறது. பார்த்த பலருக்கும் இன்றைய செய்திப் படங்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் அந்தப் பையனின் பெயர் என்ன? அவன் வாயில் அந்த ஒரு பெயரைத் தவிர வேறு வார்த்தை இல்லை. ஒரு நாட்டின் மக்கள் முழுக்க ஒரே ஒரு வேலைக்காகத்தான் இருக்கிறார்கள், காப்பாற்றப்படுவதற்காக. லோயிஸ் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லத் தகுதியானவர்கள் அவர்கள்தான். அவன் வந்தது சரியா என்று அந்த ஊர்க் கிழவி ஒருத்தியைக் கேட்டிருந்தால் பத்து நிமிடப் பேட்டிக்கு இணையான ஒரு பதில் கிடைத்திருக்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. சூப்பர்மேன் வெளியிலிருந்து வந்து குடியேறியவன், அவன் கதைதான் அமெரிக்காவின் கதை என்று படம் வெளிவரும் முன்பே பேட்டியில் சொன்னீர்கள். அதற்காக நிறைய வசவும் வாங்கினீர்கள். சீகல், ஷூஸ்டர் இருவருமே குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை நினைத்தால் அந்தப் பேச்சில் ஒரு தவறும் இல்லை. ஆனால் படம் என்ன சொல்கிறது? அவன் பிறந்த கிரகமான க்ரிப்டானிலிருந்து பெற்றோர் அனுப்பிய செய்தியின் முதல் பாதி மட்டுமே அவனிடம் இருக்கிறது. அதைத் தாலாட்டு மாதிரிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். லெக்ஸ் மறுபாதியை மீட்டு ஊருக்கே போட்டுக் காட்டுகிறான். அந்த மக்களை நீ ஆள வேண்டும், நிறைய மனைவிகளை வைத்துக்கொண்டு நம் இனத்தைப் பெருக்க வேண்டும் என்கிறது அது. சரி, லெக்ஸின் போலி வேலையாக இருக்கும் என்று காத்திருந்தேன். கடைசிவரை அது நிஜம் என்றே விட்டுவிட்டீர்கள்.

வேறு தேசத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் பழி இதுதானே? வந்தவன் நல்லவன் மாதிரித் தெரிவான், உள்ளே ஒரு திட்டம் இருக்கும், பெற்றுப் பெருகி நம்மை விழுங்கிவிடுவான் என்று. அந்தப் பழியை லெக்ஸின் வாயில் வைத்தது சரி. உண்மை என்று ஆக்கியதுதான் சரியில்லை. பிறப்பு ஒருவனைத் தீர்மானிக்காது, வளர்ப்பும் அவன் எடுக்கும் முடிவுமே தீர்மானிக்கும் என்று நீங்கள் சொல்ல வருவது எனக்கு நன்றாகவே புரிகிறது. சாதியோடு மல்லுக்கட்டும் ஊரிலிருந்து எழுதுகிறேன், அந்தக் கருத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்காகப் பெற்றவர்களைக் கெட்டவர்களாக்க வேண்டியதில்லை. கடைசிக் காட்சியில் காயம் ஆறிக்கொண்டே அவன் பார்ப்பது கென்ட் வீட்டில் எடுத்த பழைய வீடியோக்கள். எனக்கும் கண் கலங்கியது. அதே நேரத்தில், க்ரிப்டானின் குரல் இருந்த இடத்தை அவை மொத்தமாக எடுத்துக்கொண்டதும் தெரிந்தது. டொராண்டோவிலும் லண்டனிலும் வளரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர், அப்பத்தாவின் பேச்சையும் பள்ளிக்கூடத்துப் பேச்சையும் சேர்த்தே வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்ற நிலை அவர்களுக்கு இல்லை. கிளார்க்குக்கும் இருக்க வேண்டாம்.

இடையில் ஒன்று. நீங்கள் இழைத்து இழைத்து வைத்த ஓர் இடம் எங்களுக்குச் சரியாக வந்து சேரவில்லை, அது உங்கள் பிழையும் இல்லை. இந்தியாவில் வெளியான பிரதியில் லோயிஸும் சூப்பர்மேனும் முத்தமிடும் காட்சியிலிருந்து 33 விநாடியை வெட்டியதாகச் செய்தி வந்தது. அந்தரத்தில் மிதந்துகொண்டு, படம் முழுக்கச் சொல்லத் தயங்கிய வார்த்தையை லோயிஸ் கடைசியில் சொல்லும் இடம் அது. எங்கள் திரையில் படக்கென்று தாவியது. துப்பாக்கியை நெற்றியில் வைத்து விளையாடும் காட்சியை இந்தப் பையன் முழுதாகப் பார்த்தான், ஒருவரை ஒருவர் நேசிக்கும் காட்சியைத்தான் பார்க்கக் கூடாதாம். இதை எங்கள் தணிக்கை வாரியத்துக்குத் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

அடுத்த பாகமான ‘மேன் ஆஃப் டுமாரோ’ 2027 ஜூலை 9 அன்று வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சூப்பர்மேனும் லெக்ஸும் ஒரே பக்கம் நிற்க வேண்டி வரும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். லெக்ஸோடு தோள் சேர்ந்து நிற்கும்போது கிளார்க்குக்கு மாலி நினைவுக்கு வர வேண்டும். தன் கண் முன்னால் நண்பனைச் சுட்டவனோடு கைகோக்க ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தைப் படத்தில் கொடுங்கள். புதிய ஹீரோக்களில் இரண்டு பேரைக் குறைத்தாலும் பரவாயில்லை. முதல் படம் உலகம் முழுக்க 61 கோடி டாலருக்கு மேல் வசூலித்திருக்கிறது, இனி யாரையும் ஈர்ப்பதற்காகக் கூட்டம் கூட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஆட்களை நம்ப வைத்த அந்த லோயிஸ் வீட்டு அறை மாதிரி இன்னும் இரண்டு அறைகள் போதும்.

அவற்றில் ஒன்று மாலியின் வீடாக இருக்கட்டும். கிளார்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போகிறானா, சிவப்புத் துணியோடு போகிறானா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கதவைத் தட்டுகிறான். ஒரு மகளோ தம்பியோ வந்து திறக்கட்டும். வாசலில் மடக்கிச் சாத்திய தள்ளுவண்டி நிற்கட்டும். யார் வந்து சொன்னது என்று கேட்ட என் அக்கா மகனுக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. முதல் நாளே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு ரசிகை